ஒரே வாசல், இரண்டு நீதிமன்றங்கள்: வாடகை வழக்குகளில் எதிர்க்கோரிக்கைக்கு இடம் எங்கே?

வீட்டைக் காலி செய்யும்படி உரிமையாளர் வழக்குத் தொடுக்கிறார். "காலி செய்கிறேன், ஆனால் எனக்கு வர வேண்டிய பணத்துக்கு என்ன பதில்?" என்று வாடகைதாரர் கேட்கிறார். இரண்டும் ஒரே ஒப்பந்தத்திலிருந்து, ஒரே கட்டடத்திலிருந்து பிறந்த கேள்விகள். ஆனால், நாட்டின் பல பகுதிகளில் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் மன்றத்துக்கு இரண்டாவது கேள்வியைக் கேட்கும் அதிகாரம் இல்லை. வாடகைச் சட்டங்கள் எழுபதாண்டுகளாகச் சுமந்துவரும் குறை இது.

உரிமையியல் வழக்குகளில் இந்தச் சிக்கலுக்கு 1976-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் தீர்வு கண்டுவிட்டது. அந்த ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் எட்டாவது கட்டளையில் 6-ஏ விதி சேர்க்கப்பட்டது. வாதி தொடுத்த வழக்கிலேயே பிரதிவாதி தன் எதிர்க்கோரிக்கையை வைக்கலாம். அது தனி வழக்காகவே கருதப்படும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு வழங்கப்படும். வாதி தன் வழக்கைக் கைவிட்டாலும் எதிர்க்கோரிக்கை உயிரோடிருக்கும். முக்கியமான ஒரு நிபந்தனை, கோரிக்கையின் மதிப்பு அந்த நீதிமன்றத்தின் பண வரம்பைத் தாண்டக் கூடாது என்பது. ஒரே தகராறுக்காக மக்கள் இரண்டு படிகளில் ஏறி இறங்கக் கூடாது என்பதே இந்த விதியின் நோக்கம்.

ஆனால், காலி செய்யும் வழக்குகளில் பெரும் பகுதி உரிமையியல் நீதிமன்றத்துக்கு வருவதே இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டாளர், சிறுவழக்கு நீதிமன்றம், வாடகை நீதிமன்றம் என மாநிலத்துக்கு ஒரு பெயரில் இயங்கும் சிறப்பு மன்றங்களுக்கே அவை செல்கின்றன. சட்டம் தந்த அதிகாரம் மட்டுமே அவற்றுக்கு உண்டு. சட்டம் சொல்லாத ஒன்றை அவை தாமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தலைநகரின் 3,500 ரூபாய்க் கோடு

தில்லியின் நிலையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாடாளுமன்றம் இயற்றிய தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 50-ஆவது பிரிவு, கட்டுப்பாட்டாளர் முடிவு செய்ய வேண்டிய விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றம் தலையிடுவதைத் தடுக்கிறது. கட்டடம் யாருக்குச் சொந்தம், வாடகையைப் பெறும் உரிமை யாருக்கு என்ற கேள்விகள் மட்டும் இந்தத் தடைக்கு விலக்கு. 1988-ஆம் ஆண்டுத் திருத்தம், மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய கட்டடங்களை இச்சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. இன்றுவரை அந்தத் தொகை மாறவில்லை.

இதன் விளைவு விசித்திரமானது. மாதம் 30,000 ரூபாய் வாடகை தருபவர் மீதான வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்கிறது. அங்கு அவர் முன்பணம், பழுதுபார்ப்புச் செலவு, இழப்பீடு என எதையும் எதிர்க்கோரிக்கையாக வைக்கலாம். மாதம் 3,000 ரூபாய் தருபவர் மீதான மனு கட்டுப்பாட்டாளரிடம் செல்கிறது. அங்கு அவருக்கு அந்த வழி இல்லை. சட்டம் யாரைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டதோ, அவருக்குத்தான் வாசல் அடைபட்டிருக்கிறது.

கரோல் பாக் பகுதியில் 3,000 ரூபாய் வாடகையில் ஒரு சிறு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூரை ஒழுகுகிறது, உரிமையாளர் கண்டுகொள்ளவில்லை. கடைக்காரர் ஒன்றரை லட்சம் ரூபாய் செலவழித்துக் கூரையைச் சீராக்குகிறார். அதற்கு முன்பே மழையில் இரண்டு லட்சம் ரூபாய்ச் சரக்கு நாசமாகிவிட்டது. பின்னர், சொந்த உபயோகத்துக்குக் கடை வேண்டும் என்று உரிமையாளர் மனு செய்கிறார்.

சட்டத்தின் 44-ஆவது பிரிவு, பழுதுபார்ப்புச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால், சாதாரணப் பழுதுகளுக்கு ஓராண்டில் கழிக்கக்கூடியது ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே. அதாவது இந்தக் கடைக்காரருக்கு 3,000 ரூபாய். குடியிருக்கவே முடியாத அளவுக்குப் பழுது என்றால், கட்டுப்பாட்டாளரிடம் முன் அனுமதி பெற்று ஆண்டு வாடகையில் பாதி வரை, அதாவது 18,000 ரூபாய் வரை கழிக்கலாம். நாசமான சரக்குக்கு இழப்பீடு கேட்க இந்தச் சட்டத்தில் வழியே இல்லை.

இதைவிட வியப்பானது 45-ஆவது பிரிவு. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நியாயமான காரணமின்றித் துண்டித்தால், அவற்றைத் திரும்ப வழங்க உத்தரவிடக் கட்டுப்பாட்டாளருக்கு அதிகாரம் உண்டு. வாடகைதாரருக்கு இழப்பீடும் வழங்கலாம். அந்த இழப்பீட்டுக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 50 ரூபாய். 1958-இன் ஐம்பது ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்திருக்கலாம். இன்று அது ஆட்டோக் கட்டணத்துக்குக்கூடப் போதாது.

கால்மணி நேர வழக்கும் கால்நூற்றாண்டு வழக்கும்

சொந்தத் தேவைக்காகக் காலி செய்யக் கோரும் மனுக்களுக்கு 1976-இல் 25-பி என்ற விரைவு நடைமுறை புகுத்தப்பட்டது. அதன்படி, அழைப்பாணை கிடைத்த 15 நாள்களுக்குள் வாடகைதாரர் எதிர்வாதம் செய்ய அனுமதி கோர வேண்டும். தவறினால் உரிமையாளர் சொன்னது ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதி வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கப்படும். இந்த 15 நாள் கெடுவைத் தளர்த்த இயலாது என உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. குடியிருப்புக்கு மட்டுமே இருந்த இந்தச் சொந்தத் தேவைக் காரணம், 2008-இல் சத்யவதி சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் கடைகளுக்கும் விரிந்தது.

உரிமையாளருக்கு விரைவான நீதி கிடைப்பதில் தவறில்லை. தேவையிருந்தும் தன் கட்டடத்தில் கால்வைக்க முடியாமல் தலைமுறைகள் கடந்த குடும்பங்கள் தில்லியில் ஏராளம். ஆனால், விரைவு ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைக்கிறது. எங்கள் எடுத்துக்காட்டின் கடைக்காரர் தனக்குப் பணம் வர வேண்டும் என்று சொல்வது, எதிர்வாதத்துக்கு அனுமதி பெறும் காரணமாகாது. ஏனெனில், அதற்கும் உரிமையாளரின் தேவைக்கும் தொடர்பில்லை. வெளியேற்ற உத்தரவு வந்தால் ஆறு மாத அவகாசம் உண்டு. அதற்குள் கடையை ஒப்படைத்தாக வேண்டும். மூன்றரை லட்சம் ரூபாய்க்கு அவர் தனியாக உரிமையியல் வழக்குத் தொடுத்து, நீதிமன்றக் கட்டணம் கட்டி, வேறொரு கட்டடத்தில், வேறொரு நீதிபதி முன்பு, அதே சாட்சிகளை மீண்டும் அழைத்து நிரூபிக்க வேண்டும்.

அந்த வழக்குக்கும் கெடு உண்டு. பணம் கோரும் இத்தகைய வழக்குகளுக்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு. கட்டுப்பாட்டாளர் முன் பதில் மனுவில் "எனக்கு இவ்வளவு வர வேண்டும்" என்று எழுதிவிட்டால் போதும் என நினைத்து வாடகைதாரர் காத்திருந்தால், கடிகாரம் நிற்காது. தவறான மன்றத்தில் நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் வழக்கை நடத்திய காலத்தைக் கழித்துக்கொள்ளக் காலவரம்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு உதவும். ஆனால், எதிர்வாதமாகச் சொல்லப்பட்ட வாசகத்தை வழக்கு நடத்தியதாக ஏற்பது அரிது. வெளியேற்ற வழக்கு மேல்முறையீட்டில் இழுபடும்போது, பணத்துக்கான உரிமை சத்தமின்றிக் காலாவதியாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வரம்புக்குட்பட்ட அதிகாரம் கொண்ட நீதிமன்றம், தனக்கு உரிய விஷயத்தில் இறுதியாக எடுத்த முடிவு, பிந்தைய வழக்கில் தரப்பினரைக் கட்டுப்படுத்தும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின் எட்டாவது விளக்கம் கூறுகிறது. கூரையைச் சீராக்கியது யார், எப்போது என்று சிறப்பு மன்றம் ஒரு முடிவுக்கு வந்தால், பின்னர் பண வழக்கில் அந்த முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதே தனி வழக்காகிவிடும். பண வழக்கை நினைத்துப் பார்க்காமல் வெளியேற்ற வழக்கில் பேசிய வார்த்தை, அங்கே திரும்ப வந்து நிற்கும்.

உரிமையாளருக்கும் இது சுமையே. கட்டுப்பாட்டாளர் வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கலாம். வழக்கு நடக்கும்போது வாடகையைச் செலுத்தும்படி ஆணையிடலாம். பழைய பாக்கியையோ, காலி செய்யாமல் இருந்த காலத்துக்கான இழப்பீட்டையோ தீர்ப்பாணையாகப் பெற உரிமையாளரும் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கிறது. ஒரே வாடகை உறவுக்கு இரண்டு வழக்குகள், சில வேளை மூன்று.

நீதிமன்றங்கள் வகுத்த எல்லை

சிறப்பு மன்றம் இருக்கும்போது உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு எப்போது அடைபடும் என்பதை 1968-இல் துலாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உரிமையியல் நீதிமன்றம் வழக்கமாக அளிக்கக்கூடிய நிவாரணத்தைச் சிறப்பு மன்றமும் போதிய அளவில் அளிக்கும் நிலை இருந்தால்தான், கதவு அடைபட்டதாகக் கொள்ள முடியும். அதாவது, வாடகைதாரரின் இழப்பீட்டு உரிமை சாகவில்லை. அது உரிமையியல் நீதிமன்றத்தில் உயிரோடு இருக்கிறது. உரிமை இருக்கிறது, அதை உரிய நேரத்தில், உரிய இடத்தில் எழுப்ப வழிதான் இல்லை.

மும்பையில் நிலை சற்று வேறு. அங்கு வாடகை, குத்தகை தொடர்பான வழக்குகள், மதிப்பு எவ்வளவாக இருந்தாலும், சிறுவழக்கு நீதிமன்றத்துக்கே உரியவை. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன் 33-ஆவது பிரிவும் இதையே உறுதி செய்கிறது. "உடைமையை மீட்பது தொடர்பான" என்ற சொற்றொடருக்கு 1995-இல் மன்சுக்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான பொருள் கொடுத்தது. தன் உடைமையைக் காக்க அனுமதியாளர் தொடுக்கும் வழக்கும் அதற்குள் அடங்கும் என்றது. அங்கு விசாரிப்பது நீதித்துறை அதிகாரி. வழக்கு நடப்பது வழக்கின் வடிவில்.

நடுவர் மன்றங்களிலும் இந்தப் பிளவு தெரிகிறது. 2020 டிசம்பரில் வித்யா துரோலியா வழக்கில், சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் வரும் வாடகைத் தகராறுகளை நடுவர் தீர்ப்புக்கு விடலாம் என்றும், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருபவற்றை விட முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. நடுவர் சட்டத்தில் 2015-இல் சேர்க்கப்பட்ட 23(2-ஏ) பிரிவு எதிர்க்கோரிக்கையை வெளிப்படையாக அனுமதிக்கிறது. ஆக, பெரிய வாடகை ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிறுவனத்துக்கு எதிர்க்கோரிக்கை கிடைக்கும். பழைய வாடகையில் வாழும் கடைக்காரருக்குக் கிடைக்காது.

மனம் இருந்தால் மார்க்கம் உண்டு

சிறப்பு மன்றத்தில் எதிர்க்கோரிக்கை கூடாது என்பது இயற்கை நியதி அல்ல. வங்கிக் கடன் மீட்புத் தீர்ப்பாயங்கள் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தவை. கடன் வாங்கியவர் அங்கேயே தன் எதிர்க்கோரிக்கையை வைக்க 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. அதன் பிறகும், தனியாக உரிமையியல் வழக்குத் தொடுக்கும் உரிமை கடனாளிக்குப் பறிபோகவில்லை என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வங்கியோடு மோதும் கடனாளிக்கு நாடாளுமன்றம் திறந்த கதவை, உரிமையாளரோடு வழக்காடும் வாடகைதாரருக்கும் திறக்க முடியும்.

வணிக நீதிமன்றச் சட்டம், 2015-இலும் ஒரு முன்மாதிரி இருந்தது. எதிர்க்கோரிக்கையின் மதிப்பு அச்சட்டம் குறித்த அளவை எட்டினால் முழு வழக்கையும் உரிய மன்றத்துக்கு மாற்ற அதன் 9-ஆவது பிரிவு வகை செய்தது. 2018 திருத்தத்தில் அப்பிரிவு நீக்கப்பட்டாலும், அதன் பின்னிருந்த கருத்து செல்லாததாகிவிடவில்லை. தகராறு ஒன்று என்றால் மன்றமும் ஒன்று என்பதே அக்கருத்து.

வாடகை விஷயத்தில் நாடாளுமன்றத்துக்கு வாய்ப்பு வராமல் இல்லை. வாடகைத் தகராறுகளுக்குத் தீர்ப்பாயம் அமைக்க 1993-ஆம் ஆண்டின் 75-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வழி வகுத்தது. 1995-இல் தில்லிக்குப் புதிய வாடகைச் சட்டமே நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. வணிகர்களின் எதிர்ப்புக்கு அஞ்சி அடுத்தடுத்து வந்த அரசுகள் அதை நடைமுறைப்படுத்தவே இல்லை. 2013-இல் அச்சட்டத்தை நீக்கும் மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒரு நாளும் அமலுக்கு வராமல் கிடக்க, 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சி செலுத்துகிறது.

2021 ஜூன் 2-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் புதிய கட்டமைப்பை முன்வைத்தது. துணை ஆட்சியர் நிலையில் வாடகை ஆணையர், கூடுதல் ஆட்சியர் நிலையில் வாடகை நீதிமன்றம், மாவட்ட நீதிபதி நிலையில் வாடகைத் தீர்ப்பாயம் என மூன்று படிகள். குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கும், பிற கட்டடங்களுக்கு ஆறு மாத வாடகைக்கும் மேல் முன்பணம் கூடாது. காலக்கெடு முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கும், அதன் பிறகு நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும். கட்டட உரிமை பற்றிய கேள்வி வாடகை நீதிமன்றத்தின் வரம்புக்கு வெளியே நிற்கும். உரிமையாளருக்குச் சேர வேண்டியது மடங்குக் கணக்கில் எழுதப்பட்ட அச்சட்டத்தில், வாடகைதாரரின் எதிர்க்கோரிக்கைக்கெனத் தனி விதி இல்லை. உத்தரப் பிரதேசம், அசாம் போன்ற மாநிலங்கள் 2021-இல் புதிய சட்டங்களை இயற்றின. தமிழகம் 2017-இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. புதுச் சட்டம் எழுதும் நேரமே பழைய குறையைக் களைய ஏற்ற நேரம்.

அச்சம் நியாயமானதே

எதிர்க்கோரிக்கையை அனுமதித்தால் அது இழுத்தடிக்கும் கருவியாகும் என்று உரிமையாளர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. வழக்கை நீட்டிப்பதையே தொழிலாகக் கொண்ட வாடகைதாரர்களையும் தில்லி நீதிமன்றங்கள் அறியும். வெளியேற்ற உத்தரவை மேல்முறையீட்டில் நிறுத்தி வைக்கும்போது, சந்தை நிலவரத்துக்கு ஏற்ற தொகையைச் செலுத்தும்படி வாடகைதாரருக்கு நிபந்தனை விதிக்கலாம் என்று 2004-இல் ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது இதனால்தான்.

அதற்கான மருந்தும் சட்டத்திலேயே இருக்கிறது. எதிர்க்கோரிக்கையைத் தனி வழக்காக விசாரிக்க வேண்டும் என்று வாதி கேட்டால், அதைப் பிரித்துவிட எட்டாவது கட்டளையின் 6-சி விதி அதிகாரம் தருகிறது. எழுவினாக்கள் வனையப்பட்ட பின் எதிர்க்கோரிக்கை தாக்கல் செய்ய முடியாது என்று 2019-இல் அசோக் குமார் கல்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. இந்த இரண்டையும் வாடகைச் சட்டங்களில் சேர்த்தாலே இழுத்தடிப்பின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

வருவாய்த் துறை அதிகாரி இழப்பீட்டைக் கணக்கிடத் தகுதியுள்ளவரா என்ற கேள்வியும் எழும். அதுவும் நியாயமான கேள்வியே. ஆனால், நான்கு மடங்கு வாடகையை உரிமையாளருக்கு விதிக்கத் தகுதியுள்ளவர் என்று நம்பப்படும் அதே அதிகாரி, முன்பணத்தையும் பழுதுபார்ப்பு ரசீதுகளையும் கணக்கிடத் தகுதியற்றவர் என்று சொல்வது பொருந்தாது. மேல்முறையீட்டில் மாவட்ட நீதிபதி இருக்கிறார். சிக்கலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை மட்டும் அவரிடமே நேரடியாக அனுப்பலாம்.

தேவைப்படுவது பெரிய புரட்சி அல்ல. வாடகை உறவிலிருந்து பிறந்த கோரிக்கைகள், அதாவது முன்பணம், பழுதுபார்ப்புச் செலவு, அதிகமாக வசூலித்த வாடகை, துண்டிக்கப்பட்ட வசதிகளால் ஏற்பட்ட நஷ்டம் ஆகியவற்றை எதிர்க்கோரிக்கையாக ஏற்கும் அதிகாரத்தைச் சிறப்பு மன்றத்துக்குச் சட்டமே வழங்க வேண்டும். அதே அளவில் உரிமையாளரின் பாக்கிக் கோரிக்கைக்கும் அங்கேயே இடம் தர வேண்டும். சொத்துரிமைக் கேள்விகள் இப்போதுபோல் உரிமையியல் நீதிமன்றத்திலேயே இருக்கட்டும். வரம்பை மீறும் கோரிக்கையைத் தள்ளுபடி செய்யாமல் உரிய நீதிமன்றத்துக்கு மாற்றியனுப்ப வேண்டும். சிறப்பு மன்றத்தில் வைத்த நாளே காலவரம்புக்கான நாளாகக் கொள்ளப்பட வேண்டும். எதிர்க்கோரிக்கை நிலுவையில் இருப்பதால் மட்டும் கட்டட ஒப்படைப்பு நிற்கக் கூடாது. அதற்கு ஈடாக, முகாந்திரமுள்ள தொகையை உரிமையாளர் மன்றத்தில் வைப்பு வைக்க வேண்டும். கட்டடம் உரிமையாளருக்கு, பணம் மன்றத்தின் பாதுகாப்பில், கணக்கு பிறகு என்பது இரு தரப்புக்கும் ஏற்ற ஏற்பாடு.

தில்லிக்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. அதைத் திருத்தும் கடமையும் அதற்கே. 50 ரூபாய் இழப்பீட்டையும் 3,500 ரூபாய்க் கோட்டையும் மாற்றாமல் விட்டிருக்கும் அவை, மாநிலங்களுக்கு மட்டும் மாதிரிச் சட்டம் எழுதித் தருவது அழகல்ல. காலி செய்யும் உத்தரவு ஆறு மாதத்தில் நிறைவேறும்போது, வர வேண்டிய பணத்துக்கு வாடகைதாரர் ஆண்டுக்கணக்கில் வேறொரு நீதிமன்றத்தின் படியேறிக் கொண்டிருப்பது நீதிக்கு உகந்ததல்ல. இரு தரப்பும் ஒரே நாளில், ஒரே மன்றத்தில் கணக்குத் தீர்த்துக்கொள்ள வகை செய்யும் திருத்தத்தை மத்திய அரசு தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும்.